விபத்துக்குப் பிறகு – 9: பாவம், அந்த பஸ்!

வக்கீலுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம் என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு பஸ் குறுக்கே வந்துவிட்டது.

போன வாரக் கணக்கு ஞாபகம் இருக்கும். நாகல்கேணித் தோல் தொழிற்சாலையில் மாதம் ரூ.15,000 வாங்கும் 34 வயது உதாரணத் தொழிலாளி. கால் முறிந்து வேலைத்திறனில் 30 சதவிகிதம் போயிற்று. எதிர்கால உயர்வுக்கு 40 சதவிகிதம் சேர்த்து, வயதுக்குரிய பெருக்கல் எண் 16 போட்டால் வருமான இழப்பு மட்டும் ரூ.12,09,600. படிக்காமல் விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளவும்.

சரி, அந்தப் பணத்தைக் கொடுப்பது யார்? பொழிச்சலூரிலிருந்து பேசிய ஒரு வாசகி இந்தக் கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டார். அவர் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை ஜி.எஸ்.டி. சாலையில் அரசு பஸ் ஒன்று உரசித் தள்ளியிருக்கிறது. "எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கிட்டேன், ஆஸ்பத்திரியில விபத்துப் பதிவேடு, அதான் ஏ.ஆர். காப்பியும் வாங்கிட்டேன். பஸ்ஸோட இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பர் மட்டும் எங்க கேட்டாலும் கெடைக்கல சார்."

"கிடைக்காதும்மா. அந்த பஸ்ஸுக்கு அநேகமா பாலிசியே இருக்காது."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அரசாங்க வண்டிக்கே இன்ஷூரன்ஸ் இல்லையா என்ற அதிர்ச்சி. நாம் ஹெல்மெட் இல்லாமல் பம்மல் மெயின் ரோட்டைத் தாண்டினாலே அபராதம்!

சட்டம் அனுமதிக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி சாலைக்கு வரக்கூடாது என்கிறது. அதே பிரிவு, மாநிலப் போக்குவரத்துக் கழக பஸ்களுக்கு விலக்குத் தரலாம் என்றும் சொல்கிறது. நிபந்தனை ஒன்றுதான். விபத்து இழப்பீட்டுக்கென்று கழகம் தனி நிதி வைத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பஸ்களுக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவதைவிட, விபத்து நடக்கும்போது தானே கொடுத்துவிடலாம் என்பது இதன் கணக்கு. காகிதத்தில் நல்ல கணக்குதான்.

ஆகவே அரசு பஸ் மோதினால் மனுவில் எதிர்மனுதாரர் இன்ஷூரன்ஸ் கம்பெனி அல்ல, போக்குவரத்துக் கழகம். பொழிச்சலூர்க்காரர் செங்கல்பட்டிலும் மனுப் போடலாம். எதிர்மனுதாரர் அலுவலகம் சென்னையில் இருந்தால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்திலும் போடலாம். டிரைவர் மேல் தப்பில்லை என்று கழகம் வாதாடும். அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக்கூடியது எது என்று பார்த்தால் போதும் என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிம்லா தேவி வழக்கு. அங்கேயும் எதிர்த்தரப்பு அரசு பஸ்தான், இமாச்சலப் பிரதேசத்து பஸ்.

நடுவே ஒரு பொழிச்சலூர் சமாச்சாரம். ஊரின் அகத்தீஸ்வரர் கோயில் 'வட திருநள்ளாறு' என்று பேர் வாங்கியது. சனிக்கிழமை எள் தீபக் கூட்டம் தெருவை அடைக்கும். ஏழரைச் சனி நடக்கிறது, அதனால்தான் அடிபட்டது, முதலில் பரிகாரம் முடியட்டும், கேஸ் கீஸெல்லாம் அப்புறம் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. விளக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சனி பகவான் ஏழரை வருஷம் பொறுமையாக உட்கார்ந்திருப்பார், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3)-வது பிரிவு தருவது ஆறே மாதம்தான். 1994-ல் எடுத்துவிட்ட காலக்கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், காலம் கடந்தது என்று மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பிச் சும்மா உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இனி பஸ். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

தீர்ப்பு வந்துவிட்டது, ஜெயித்தாயிற்று என்று வையுங்கள். 168-வது பிரிவுப்படி 30 நாளுக்குள் கழகம் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாமல் போனால்? தினத்தாள் படிப்பவர்களுக்கு விடை தெரியும்: 'அரசு பஸ் ஜப்தி'. கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி என்று ஊர் பெயர் மட்டும் மாறும், செய்தி மாறாது.

ஜப்தி நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். மனுதாரர் நிறைவேற்று மனுப் போடுகிறார்; கோர்ட் பாஷையில் 'ஈ.பி.'. அதற்குப் பேட்டா கட்ட வேண்டும். நீதிபதி ஜப்தி உத்தரவு போட்டதும் கோர்ட் அமீனா அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறார். கூடவே வக்கீல் குமாஸ்தாவோ மனுதாரர் வீட்டு ஆளோ போகிறார். இதுதான் வண்டி என்று கைகாட்ட ஒருவர் வேண்டுமே. டிபன் கேரியரோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், காய்கறிக் கூடையைச் சீட்டுக்கடியில் தள்ளி வைத்த அம்மா, பாஸை நீட்டிக்கொண்டிருக்கும் பையன் எல்லோரும் இறங்க வேண்டும். கண்டக்டர் அவர்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட ஓடுகிறார். முன்கண்ணாடியில் உத்தரவு ஒட்டப்படுகிறது. பல நேரம் அதே டிரைவர்தான் தன் பஸ்ஸைத் தானே ஓட்டிக்கொண்டுபோய்க் கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வருகிறார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஜப்தி ஆகும் பஸ், மோதிய பஸ்ஸாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை! மோதிய வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கலாம். கடன்பட்டது கழகம், கழகத்தின் சொத்து எதுவானாலும் பிடிக்கலாம். யாரையும் தொடாத பஸ், ஒரு புகார்கூட இல்லாத டிரைவர், டிக்கெட் எடுத்து உட்கார்ந்த ஜனம், இவர்கள் தலையில்தான் விடிகிறது. பஸ்ஸையா பிடிக்க வேண்டும், ஆபீஸ் நாற்காலி, கம்ப்யூட்டரைப் பிடித்தால் ஆகாதா என்று கேட்கலாம். அதுவும் பிடிக்கிறார்கள், நில எடுப்பு வழக்குகளில் கலெக்டர் ஜீப்புக்கே ஜப்தி வந்திருக்கிறது. ஆனால் நாற்காலியைத் தூக்கினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இதை அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "சார், பஸ்ஸைப் பிடிச்சாத்தான் செக்கு நடக்கும்."

சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. 174-வது பிரிவுப்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பினால், நிலவரி பாக்கி மாதிரி வசூலித்துத் தர வேண்டும். அரசாங்கத்தின் கலெக்டர் அரசாங்கத்தின் கழகத்திடம் எவ்வளவு வேகமாக வசூலிப்பார் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

தாமதத்துக்கு விலை உண்டு. இழப்பீட்டுக்கு வட்டி பெரும்பாலும் 7.5 சதவிகிதம், மனுப் போட்ட தேதியிலிருந்து. நம் நாகல்கேணித் தொழிலாளிக்கு மாதம் ரூ.7,560. நாலு வருஷம் இழுத்தால் ரூ.3,62,880 கூடி, மொத்தம் ரூ.15,72,480 ஆகிவிடும். இந்த மூன்றரை லட்சம் பஸ் கட்டணத்திலிருந்தும் வரிப்பணத்திலிருந்தும்தான் போகிறது. தனி நிதியில் சட்டம் எதிர்பார்த்தபடி பணம் இருந்திருந்தால் முப்பதாவது நாளே கொடுத்து முடித்திருக்கலாம். பிரீமியம் மிச்சம் என்று சொல்பவர்கள் இந்த வட்டியையும் எழுதிக் காட்டட்டும்.

அடிபட்டவர் பக்கம் பார்த்தால், நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவருக்கு ஜப்தி உத்தரவு வரும் நாள்தான் முதல் நல்ல நாள். அன்றும் முழுப்பணம் கைக்கு வந்துவிடாது. கழகம் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு (கோர்ட் பாஷையில் 'சி.எம்.ஏ.') போடும், தடை கேட்கும். தடை கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரு பகுதியையாவது டெபாசிட் செய்யச் சொல்வார்கள். அந்தப் பகுதியை எடுக்கத் தனி மனு.

இத்தனையும் வக்கீல் சமாச்சாரத்துக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. நான் முற்றிலும் வழிதவறவில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் 'எவ்வளவு வாங்கித் தருவீங்க?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். அரசு பஸ் கேஸில் அது இரண்டாவது கேள்வி. 'தீர்ப்புக்கு அப்புறம் ஈ.பி. நீங்களே போடுவீங்களா, அதுக்குத் தனி ஃபீஸா, உயர் நீதிமன்றத்துக்குப் போனா யார் பார்ப்பாங்க?' என்பது முதல் கேள்வி. பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஃபீஸ் கொடுக்க முடியாதவர்கள் 15100-க்குப் போன் செய்து சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே வக்கீல் தருகிறார்கள். பொழிச்சலூர் வாசகியின் வீட்டுக்காரருக்கு ஊனம் நிலைத்துவிட்டது என்று சான்றிதழ் கிடைத்தால் அவருக்கும் உண்டு.

வருகிற பணத்தில் பங்கு பேசி ஃபீஸ் வாங்குவதை பார் கவுன்சில் விதி அனுமதிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் புரோக்கர் முதல் வார்த்தையே சதவிகிதத்தில்தான் ஆரம்பிக்கிறார். அடுத்த வாரம் அவரைப் பார்ப்போம், வேறு வண்டி எதுவும் குறுக்கே வராவிட்டால். அதற்குள் யாராவது வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

(தொடரும்)