அமிலம் அரித்த கோடு

ஒரு துத்தநாகத் தகடு. அதன்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு. ஓவியர் ஊசியால் கீறக் கீற, பூச்சு விலகித் தகடு பளிச்சிடுகிறது. பிறகு தகட்டை அமிலத்தில் போடுகிறார். ஊசி பட்ட இடத்தை மட்டும் அமிலம் தின்கிறது. கொஞ்ச நேரம் கிடந்தால் மயிரிழைக் கோடு. நெடுநேரம் கிடந்தால் ஆழ்ந்து கறுத்த கோடு. அந்தப் பள்ளத்தில் மையை அப்பி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத்தாள் வைத்து உருளையில் அழுத்தி எடுத்தால் படம். இதுதான் எட்சிங். ஹைதராபாத் ஓவியர் கே. லக்ஷ்மா கௌட் பெயர் பெற்றது இந்தக் கோட்டினால்தான்.

1940-இல் மேதக் மாவட்டத்து நிஜாம்பூரில் பிறந்தவர். ஹைதராபாத் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, 1960-களில் பரோடா போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கே.ஜி. சுப்ரமணியன், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த, நம்மவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க கலைஞர். கற்ற வித்தையோடு திரும்பிய கௌட், தான் பிறந்த கிராமத்தையே வரைந்தார். ஆணும் பெண்ணும் ஆடும் மரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் படங்கள். கை கால்கள் அளவு மீறி நீளும். மரக்கிளை எங்கே முடிகிறது, மனித உடம்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. காமத்தை அவர் மூடி மறைக்கவில்லை. நகரத்துக் கண்கள் கூசுகிற இடத்தில் கிராமத்தின் கண் கூசுவதில்லை என்பதை அந்தக் கோடுகள் சொல்கின்றன.

இப்படி அளவு மீறும் உருவங்களைப் பார்த்ததும் எக்ஸ்பிரஷனிசம் என்ற சொல் நினைவுக்கு வரும். தமிழில் அதை வெளிப்பாட்டியம் என்கிறார்கள். கண் கண்டதை அப்படியே வரையாமல், மனத்தில் பட்டதை வரைவது. அதற்காக உருவத்தை வளைப்பது, நிறத்தை மாற்றுவது. 1905-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கட்டடக்கலை மாணவர்கள் நால்வர் ‘பாலம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். அவர்களும் மரத்தைச் செதுக்கி அச்செடுப்பதில் உயிரை வைத்திருந்தவர்கள். அந்தக் கலையை ஹிட்லர் ஆட்சி சும்மா விடவில்லை. 1937-இல் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று கண்காட்சியே வைத்து இழிவுபடுத்தியது. இந்தியாவுக்கு அந்தக் காற்று முன்பே வந்துவிட்டது. இந்த இயக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஓவியர்கள் கண்டின்ஸ்கி, பால் கிளே ஆகியோரின் படைப்புகள் 1922-இல் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஆனாலும் கௌட் அந்த ஜெர்மானியர்களின் வாரிசு என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹைதராபாத்தில் போனாலு என்ற அம்மன் திருவிழா ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் அப்பி, சாட்டையைச் சுழற்றியபடி ஆடிவருவார் போத்தராஜு. ‘மனுஷன் இப்படியா இருப்பான்?’ என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. நம் ஊர் எல்லையில் உருட்டி விழிக்கும் அய்யனாரிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சுவரில் மாட்டிய ஓவியத்திடம் மட்டும்தான் கேட்கிறோம். உணர்ச்சிக்காக உருவத்தை மீறுவதை டிரெஸ்டனிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் தக்காணம் இல்லை. மேற்கிலிருந்து வந்தது எட்சிங் என்கிற கருவி. கௌட் அதில் பதித்தது மேதக் மண்ணை.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த அவருக்கு 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பின்னாளில் சுடுமண்ணிலும் வண்ணங்களிலும் நிறையவே செய்தார். இருந்தாலும் 1970-களின் கறுப்பு வெள்ளை எட்சிங்குகளுக்கு நிகராக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

வேலைக்காக ஹைடெக் சிட்டியில் குடியிருக்கும் தமிழர்கள் ஏராளம். பக்கத்திலேயே மாதாப்பூரில் மாநில ஓவியக் கூடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். எங்காவது கௌட் எட்சிங் ஒன்று கண்ணில் பட்டால் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் தெரியும். கைபேசித் திரையில் அது தெரியாது.