வலிக்காத தேமல்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச் சாலையில் இருக்கிறது வடகவுஞ்சி. காப்பி, மிளகு, மலைவாழை என்று தோட்டங்கள். உள்ளே தள்ளிப் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள். காய்ச்சல் முற்றினால் இப்படிப்பட்ட ஊர்களில் மலையிறங்குவார்கள். முதுகில் வெளுத்த தேமலுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் பஸ் ஏறுவார்கள்? அது அரிக்காது, வலிக்காது, தொட்டாலும் தெரியாது. தொழுநோயின் சாமர்த்தியமே அதுதான்.

1873-ல் நார்வேயின் ஹான்சன் கண்டறிந்த கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. அடையாளம் தெரியவே சராசரியாக 5 ஆண்டுகள். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும்.

நோய் முற்றினால் விரல்கள் அழுகி விழும் என்று ஊரே நம்பியது. அதை மறுத்தவரும் ஒரு மலைக்காரர்தான்: 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் நோயாளிகளின் கைகளை வருஷக்கணக்கில் கவனித்தார். கிருமி சதையைத் தின்னவில்லை. நரம்பு செத்ததால் சூடும் வெட்டும் உறைக்காமல், அவர்கள் கைகளைத் தாங்களே சிதைத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி படுத்தவருக்குக் காலையில் விரல் குறைந்திருந்ததே, அந்த மர்மத்துக்குக் காரணம் எலி! கடித்தது தூங்குபவருக்குத் தெரியவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். இதைவிட எளிய மருந்துச் சீட்டை நான் கேள்விப்பட்டதில்லை. மடங்கிய விரல்களை நிமிர்த்த, தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையும் அவர் கையில்தான் வளர்ந்தது.

மருந்துக்குக் குறைவில்லை. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணம். சீக்கிரம் தொடங்கினால் ஊனமும் வராது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற தேசிய இலக்கை எட்டினோம். நோயே போய்விட்டதாகப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உலகக் கணக்கில் அது பாதிக்கு மேல். அவர்களில் குழந்தைகளும் உண்டு என்பதால், தொற்று ஓயவில்லை என்பது உறுதி.

பயந்து நோயை மறைப்பவர்களும் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? தொழுநோயைக் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்ற விதி 2019 வரை நம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, தேமலைப் பேனா முனையால் மெல்லத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரல் வைத்துக் காட்டாவிட்டால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதற்குப் பளியர் குடியிருப்புக்காரர் இறங்கி வரக் காத்திருக்கக் கூடாது. சுகாதாரப் பணியாளர்தான் ஆண்டுதோறும் ஏறிப்போய், வீட்டில் ஒருவர் விடாமல் பார்க்க வேண்டும்.