வெந்நீர் பாய்லர்

வெந்நீர் பாய்லர் என்பது விறகு, கரி, கொட்டாங்குச்சி முதலியவற்றை எரித்துக் குளிப்பதற்கான நீரைச் சூடாக்கும் வீட்டுக் கலன் ஆகும். செம்பினாலோ பித்தளையினாலோ செய்யப்படும் இக்கலன், அடுப்பாகவும் வெந்நீர்த் தொட்டியாகவும் ஒருங்கே பயன்படுகின்றது. தீ அணைந்த பின்னரும் வெப்பம் நீரில் தங்கியிருப்பதால், ஒருமுறை மூட்டிய தீயைக் கொண்டு குடும்பத்தினர் அனைவரும் அடுத்தடுத்துக் குளிக்க முடியும். சென்னையில் நந்தனம், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளின் தனி வீடுகளில் இது முன்பு பரவலாகக் காணப்பட்டது.

பெயர்

கொதிகலன் என்னும் கலைச்சொல் பெரும்பாலும் ஆலைகளில் அழுத்தத்துடன் நீராவி உண்டாக்கும் கலனைக் குறிக்கின்றது. வீட்டுக் கலனில் நீராவி அடைத்து வைக்கப்படுவதில்லை. ஆகவே வழக்கில் பாய்லர் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. பாய்லர் வருவதற்கு முன் அண்டாவோ தவலையோ அடுப்பில் ஏற்றி நீர் காய்ச்சப்பட்டது. பழைய வீடுகளில் அதற்கென இருந்த குளியலறை வெந்நீருள் எனப்பட்டது. மராட்டியில் இத்தகைய கலன் பம்ப் என அழைக்கப்படுகின்றது.

அமைப்பு

பாய்லர் உருளை வடிவினது. அதன் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு குழாய் செல்கின்றது. குழாயின் அடியில் இரும்புக் கம்பித் தட்டும், அதன் கீழ் சாம்பல் விழும் இடமும் உள்ளன. எரிபொருள் குழாயின் மேல்வாய் வழியே போடப்படுகின்றது. காற்று அடியிலிருந்து நுழைந்து, புகை மேலே வெளியேறுகின்றது. குழாயைச் சுற்றிலும் நீர் நிற்பதால் தீயின் வெப்பம் நாற்புறமும் நீரைச் சென்றடைகின்றது. உருசியர்களின் சமோவாரும் இதே அமைப்பை உடையது.

வெந்நீர் எடுக்கும் முறையில் இரு வகைகள் உண்டு. ஒன்றில் பக்கவாட்டில் திருகு குழாய் இருக்கும். மற்றொன்றில் புனல் வழியே ஊற்றப்படும் தண்ணீர் கலனின் அடிக்குச் செல்ல, அதே அளவு வெந்நீர் மேற்பகுதியிலிருந்து வழிந்து வரும். வெந்நீர் அடர்த்தி குறைந்தது என்பதால் மேலே நிற்கின்றது. ஊற்றப்படும் நீர் அதனுடன் உடனே கலந்துவிடுவதில்லை. இவ்வகையில் கலன் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

வெப்பக் கணக்கு

40 லிட்டர் நீரை 25° செல்சியசிலிருந்து 60° செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 5.9 மெகாஜூல், அதாவது சுமார் 1.6 அலகு மின்சாரத்திற்கு இணையான வெப்பம் தேவை. காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் தரும். அதில் மூன்றில் ஒரு பங்கு நீரைச் சேர்வதாகக் கொண்டால் 1.2 கிலோ விறகு போதும். இந்த 40 லிட்டருடன் 53 லிட்டர் தண்ணீர் கலந்தால் 40° செல்சியசில் 93 லிட்டர் குளிநீர் கிடைக்கும். இது 20 லிட்டர் வாளியில் நான்கரை வாளிக்குச் சற்று மிகுதியாகும்.

தீயைக் குறைத்து நெடுநேரம் கனியவிடுவது சிக்கனமன்று. காற்றுக் குறைந்த தீயில் புகையும் கரியும் மிகும், வெப்பம் குறையும். காய்ந்த விறகைச் சிறிது சிறிதாக இட்டு நன்கு எரியவிட்டு, வெப்பத்தை நீரில் சேமிப்பதே முறை. சுவீடன், ஆசுத்திரியா ஆகிய குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் விறகுக் கொதிகலன்களுடன் பெரிய நீர்த்தொட்டிகள் இணைக்கப்படுவதும் இக்காரணத்தினாலேயே. சென்னையில் சனவரி மாதச் சராசரிக் குறைந்த வெப்பநிலையே சுமார் 21° செல்சியசு. ஆதலால் இங்கு வீட்டைச் சூடாக்கும் தேவையில்லை. குளிநீருக்குச் சிறு தொட்டி போதுமானது.

சேமிப்புத் தொட்டி இணைத்தல்

பாய்லரிலேயே விடப்படும் நீர் சில மணி நேரத்தில் ஆறிவிடும். நீண்ட நேரம் சூடு நிற்க, தனித் தொட்டி ஒன்றை இணைக்கலாம். இதற்கு நீர்க்குழாய் இணைப்புகள் உடைய கலன் தேவை.

* தொட்டி பாய்லரை விட உயரத்தில் இருத்தல் வேண்டும். 100 லிட்டர் நீர் மட்டும் 100 கிலோ எடையுடையது என்பதால் மேடை உறுதியாக இருக்க வேண்டும்.
* பாய்லரின் மேற்பகுதியிலிருந்து தொட்டியின் மேற்பகுதிக்கு ஒரு குழாயும், தொட்டியின் அடியிலிருந்து பாய்லரின் அடிக்கு மற்றொரு குழாயும் செல்லும். சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்குவதால் மின்விசைக் குழாய் தேவைப்படாது. கூரைமேல் வைக்கப்படும் சூரிய வெந்நீர்க் கலன்கள் பலவும் இவ்வாறே இயங்குகின்றன.
* மேலேறும் குழாய் இடையில் தாழாமல் சீராக உயர வேண்டும். தாழ்ந்தால் காற்று தங்கி ஓட்டம் நின்றுவிடும்.
* சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீரில் இளகிவிடும். செம்பு அல்லது இரும்புக் குழாயே ஏற்றது.
* தொட்டியைச் சுற்றிப் பெட்டி அமைத்து, தென்னை நார் அல்லது உமியை ஈரமின்றி அடைத்தால் வெப்ப இழப்பு குறையும். இப்பெட்டி நெருப்புக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

நீராவி வெளியேற எப்போதும் திறந்த வழி இருத்தல் இன்றியமையாதது. தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு குழாய், நீர்மட்டத்திற்கு மேல் உயர்ந்து வெளிக்காற்றில் திறந்திருக்க வேண்டும். பாய்லருக்கும் இக்குழாய்க்கும் இடையில் அடைப்பான் எதுவும் பொருத்தலாகாது. வழியடைத்துக் காய்ச்சினால் அழுத்தம் ஏறிக் கலன் வெடிக்கக்கூடும்.

நீரில்லாமல் தீ மூட்டினால் பற்றுவைத்த இணைப்புகள் உருகிக் கசியத் தொடங்கும். எனவே முதலில் நீர், பின்னரே நெருப்பு என்பது விதி.

மூடிய குளியலறைக்குள் பாய்லரை வைத்தல் உயிருக்கு ஆபத்தானது. கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. புகையற்றுக் கனலும் கரியும் இவ்வளியை வெளியிடும். ஆகையால் தீ அணையும் வரை பாய்லர் திறந்தவெளியில் இருக்க வேண்டும். 60° செல்சியசு நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும் என்பதால், வாளியில் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் ஊற்ற வேண்டும். வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, நெகிழி ஆகியவற்றை எரித்தல் கூடாது.

பராமரிப்பு

சென்னையின் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்புச்செறிவு மிக்கது. காய்ச்சும்போது உள்ளே படியும் உப்பு வெப்பத்தைத் தடுப்பதால் அதை அவ்வப்போது நீக்க வேண்டும். நடுக்குழாயின் கரியைத் தூரிகையால் அகற்றலாம். வெளிப்புறம் புளியிட்டுத் துலக்கப்படுகின்றது.

வழக்கும் மாற்றமும்

தீபாவளிக்கு முந்தைய நாள் பாய்லரைத் துலக்கி, சந்தனமும் குங்குமமும் இட்டு நீர் நிரப்பி வைத்து, விடியுமுன் எண்ணெய்க் குளியலுக்காக மூட்டும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. கிணற்றடியும் கொல்லைப்புறமும் இருந்த வீடுகளுக்கு இக்கலன் பொருந்தியது. நந்தனத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தனி வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறியபோது, புகைக்கும் விறகுக்கும் இடமின்றிப் போயிற்று. மின் வெந்நீர்க் கலன்களும் சமையல் எரிவளியும் அதன் இடத்தைப் பெற்றன. நீலகிரி போன்ற குளிர்ப்பகுதிகளிலும், கொல்லைப்புறம் உள்ள ஊர்ப்புற வீடுகளிலும் பாய்லர் தொடர்ந்து பயன்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

* கொதிகலன்
* சமோவார்
* சூரிய வெந்நீர்க் கலன்