டெனிம் துணியின் நீலமும் வெளுப்பும்

டெனிம் என்பது நீலச் சாயமிட்ட பாவு நூலையும் சாயமிடாத ஊடை நூலையும் கொண்டு சாய்வரி அமைய நெய்யப்படும் கெட்டியான பருத்தித் துணியாகும். அவுரி நீலம் நீரில் கரைவதில்லை. ஆகவே அதனைக் காரக் கரைசலில் கரையத்தக்க மஞ்சள் நிறப் பொருளாக மாற்றி, நூலை அதில் பன்முறை தோய்த்துக் காற்றில் காட்டுவர். ஆக்சிஜன் பட்டதும் நீலம் மீண்டும் தோன்றி, நூலின் புறப்பரப்பில் தங்கும்; உட்பகுதி வெள்ளையாகவே இருக்கும். தேயத் தேய டெனிம் வெளுப்பதன் காரணம் இதுவே.

கழுவாத டெனிமில் நெசவுக்கு இட்ட கஞ்சி நீங்காமையால் துணி விறைப்பாயிருக்கும். முதற் சலவையில் சாயம் கசியும். ஆலையில் முன்னரே சுருக்கப்படாத துணியாயின், நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையிலும் சுருங்கக்கூடும். உடுத்துபவரின் முழங்கால், இடுப்பு மடிப்புகளுக்கு ஏற்ப வெளுப்பு மெல்லத் தோன்றும்.

முன்கழுவிய ஜீன்ஸ் காற்சட்டையிலோ இவ்வெளுப்பை ஆலையே உண்டாக்குகிறது. நுரைக்கற்களுடன் துவைத்தலும், செல்லுலேஸ் என்னும் நொதியால் மேலிழைகளை அரித்தலும் வழக்கமான முறைகள். துணி மென்மையாகும், வலிமை ஓரளவு குறையும்.

மணலைக் காற்றழுத்தத்தால் பீச்சியடிக்கும் முறை உயிருக்கே ஊறு விளைத்தது. துருக்கியில் நுண்ணிய சிலிக்காத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர் பலர் சிலிக்கோசிஸ் என்னும் தீரா நுரையீரல் நோயுற்றனர், சிலர் மாண்டனர். 2009ஆம் ஆண்டில் அந்நாடு டெனிம் தொழிலில் அம்முறையைத் தடைசெய்தது. புத்தாடையில் பழந்தோற்றத்தை விரும்புவோர், அது எம்முறையால் உண்டாக்கப்பட்டது என்பதையும் கேட்டறிதல் நன்று.