தராசில் ஏறாத மதிப்பு: கொல்கத்தாவின் குடும்ப நகைத் தொழில் நமக்குச் சொல்வது

நகைக் கடன் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு ஒரு கேள்வி நன்கு பழகியது. "சென்ற ஆண்டுதான் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். இதற்கு இவ்வளவுதான் தருவீர்களா?" கேட்பவரின் கையில் தோகை விரித்த மயில் பதக்கமோ, அரும்பு அரும்பாகக் கோத்த மாலையோ இருக்கும். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆயினும் எங்கள் தராசு மயிலை எடை போடுவதில்லை. மயிலில் உள்ள பொன்னை மட்டுமே எடை போடுகிறது.

அப்படியானால் அந்த மயிலுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அந்த மதிப்பை நம்பியே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் தொழில் நடத்தி வருகின்றன. அம்மதிப்பு எங்கே கணக்கில் வருகிறது, எங்கே வராமற்போகிறது என்பதை அறிந்துகொண்டால் நகை வாங்குவோருக்கும் நகைத் தொழில் செய்வோருக்கும் பல ஏமாற்றங்கள் தவிரும். இதை விளக்கக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் இல்லை.

பௌபஜார் என்னும் பொன்வீதி

கொல்கத்தாவின் நடுப்பகுதியில் உள்ள பௌபஜார், வங்காளத்தின் நகை வணிகத்துக்குத் தலைவாசல். விபின் பிகாரி கங்குலி தெருவின் இருபுறமும் நகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னே கிளை பிரியும் குறுகிய சந்துகளில் பட்டறைகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் சியாக்ராபாடா சந்து. 'பொற்கொல்லர் குடியிருப்பு' என்பது அதன் பொருள். பூர்ண சந்திர சந்திரா 1939-இல் தொடங்கிய பி.சி. சந்திரா நகைக்கடை வேரூன்றியதும் இந்தப் பௌபஜாரில்தான். கொல்கத்தாவின் மற்றொரு குடும்ப நிறுவனமான சென்கோ கோல்டு, 2023 ஜூலையில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு நாடறிந்த நிறுவனமாயிற்று.

ஹௌரா மாவட்டத்தின் டோம்ஜூர், மேற்கு மேதினிப்பூரின் காட்டால், தாஸ்பூர் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் கைவினைஞர்கள் இத்தொழிலின் முதுகெலும்பு. மும்பையிலும் தில்லியிலும் மட்டுமன்றி, நம் கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும் வங்காளப் பொற்கொல்லர்கள் குனிந்து வேலை செய்வதைக் காணலாம். நம் வீட்டு நகை சிலவற்றில் அவர்கள் கைபட்டிருக்கக்கூடும்.

கோலமும் அல்பனாவும்

நம் வீட்டு வாசலில் கோலம் இருப்பதுபோல் வங்காள வீடுகளில் அரிசி மாவுக் கரைசலால் இடப்படும் அல்பனா உண்டு. தாமரை, சங்கு, நெற்கதிர், இலட்சுமியின் திருவடி ஆகியவை அதன் வழக்கமான உருவங்கள். தரையில் இடும் இவ்வுருவங்களே நகையிலும் ஏறுகின்றன. 'ரத்தன்சூர்' என்னும் கையணியில் புறங்கை நடுவே ஒரு தாமரை விரிந்திருக்கும்; ஐந்து விரல்களிலும் அணியும் மோதிரங்கள் சங்கிலிகளால் அதனோடு இணைந்திருக்கும். மணிகளைப் பட்டாணி போல் திரட்டிக் கோத்தது 'மட்டர் மாலா'. செண்பக மொட்டின் வடிவில் அமைந்தது 'சம்பாகலி'. மகர முகம் கொண்ட வளையும் உண்டு. வங்காளியில் 'பிரஜாபதி' என்றால் பட்டாம்பூச்சி. திருமணத்துக்குரிய தெய்வமும் அப்பெயரினரே. ஆகவே அங்கே திருமண அழைப்பிதழிலும் மணப்பெண்ணின் நகையிலும் பட்டாம்பூச்சி வந்து அமர்கிறது.

மாங்காய் மாலையும் தாழம்பூ வேலைப்பாடும் அறிந்த நமக்கு இது அந்நியமன்று. இயற்கையைப் பார்த்து, தன் ஊர்க் கலையின் வழியே அதைப் பொன்னில் வடிப்பது இரு நாட்டுப் பொற்கொல்லருக்கும் பொதுவானது. அந்த வடிப்புக்குத் தரும் விலையை வங்காளத்தில் 'மஜுரி' என்பர். நாம் செய்கூலி, சேதாரம் என்கிறோம்.

இரண்டு லட்சம் எங்கே போயிற்று?

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். எளிமைக்காக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். பதக்கத்தின் மொத்த எடை 18 கிராம். அதில் கல்லும் அரக்கும் 2 கிராம். எனவே நிகரத் தங்கம் 16 கிராம்.

தங்கத்தின் விலை 1,60,000 ரூபாய். செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 18 விழுக்காடு எனில் 28,800 ரூபாய். கல்லின் விலை 5,200 ரூபாய். ஆகக் கூடுதல் 1,94,000 ரூபாய். இதன்மீது 3 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 5,820 ரூபாய். நாம் செலுத்துவது 1,99,820 ரூபாய்.

இதே பதக்கம் மறுநாள் வங்கிக்கு வந்தால், மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்துவிடுவார். தங்கத்தின் உள்ளார்ந்த மதிப்பு மட்டுமே கணக்கில் வரும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அந்தத் தூய்மைக்குரிய தங்கத்தின் முந்தைய 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் இறுதி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. வீட்டுச் செலவு போன்ற நுகர்வுத் தேவைக்கான கடன் 2.5 லட்சம் ரூபாய் வரை எனில் மதிப்பில் 85 விழுக்காடும், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 விழுக்காடும், 5 லட்சத்துக்கு மேல் 75 விழுக்காடும் உச்சவரம்பு. இந்நெறிமுறைகளைக் கடன் நிறுவனங்கள் பின்பற்றுவதற்கு விதிக்கப்பட்ட இறுதி நாள் 2026 ஏப்ரல் 1.

நம் எடுத்துக்காட்டில் விலை மாறவில்லை என்று கொண்டாலும் உச்சவரம்பு 1,36,000 ரூபாய்தான். அசலையும் வட்டியையும் இறுதியில் ஒரே தவணையாகச் செலுத்தும் கடனாயின், அந்த வட்டியும் வரம்புக்குள் அடங்க வேண்டும். கையில் பெறும் தொகை இன்னும் குறையும். வாங்கிய விலைக்கும் கடனுக்கும் இடையே 63,820 ரூபாய் இடைவெளி. இது வங்கியின் கஞ்சத்தனமன்று. கடன் திரும்பாதபோது ஏலத்தில் பொன்னுக்கு விலை உறுதி, மயிலுக்கு உறுதியில்லை.

ஆகவே நம் வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள். அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்று எண்ணி வாங்கும் நகையில் வேலைப்பாடு குறைவாக இருப்பது நலம். வேலைப்பாட்டுக்காகவே வாங்குவதாயின் அந்த விலையை அழகுக்குத் தந்ததாகக் கொள்ளுங்கள், சேமிப்பில் சேர்க்காதீர்கள். பட்டியலில் மொத்த எடை, நிகர எடை, செய்கூலி, கல்லின் விலை ஆகியவை தனித்தனியே இருக்கட்டும். தரநிலைப் பணியகத்தின் முத்திரை, 22K916 போன்ற தூய்மைக் குறி, ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் ஆகிய மூன்றும் நகையில் உள்ளனவா என்று பாருங்கள். அந்த எண்ணைப் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். அடகு வைக்கும்போது நகை உங்கள் முன்னிலையிலேயே மதிப்பிடப்பட வேண்டும். கழிவுகளைக் குறிப்பிட்ட சான்றும் உங்களுக்குத் தரப்பட வேண்டும்.

தொழில் நடத்துவோர் கணக்கு

இனிக் கல்லாவின் மறுபக்கம் செல்வோம். ஒரு குடும்ப நகைக்கடையில் 5 கிலோ தங்கம் கையிருப்பு எனக் கொள்வோம். கிராம் 6,000 ரூபாயாக இருந்தபோது அதற்கு 3 கோடி ரூபாய் முதலீடு போதும். விலை 10,000 ஆனதும் அதே கையிருப்புக்கு 5 கோடி வேண்டும். கடையில் ஒரு பூகூடக் கூடவில்லை. முதல் தேவை மட்டும் 2 கோடி கூடிவிட்டது. சென்கோ நிறுவனம் 2023-இல் புதிய பங்குகள் மூலம் திரட்டிய 270 கோடி ரூபாயில் 196 கோடியை நடைமுறை மூலதனத்துக்கு ஒதுக்கியதன் காரணம் இதில் விளங்கும்.

எல்லாக் குடும்பங்களும் பங்குச் சந்தைக்குச் செல்ல இயலாது. அவர்களுக்கு ரொக்கக் கடன் வசதியும் தங்க உலோகக் கடனும் உண்டு. பின்னதில் வங்கி ரூபாய்க்குப் பதில் தங்கத்தையே எடையாகக் கடன் தருகிறது. கடன் எடையிலேயே நிற்பதால், நகை விற்கும் நாளில் அன்றைய விலைக்குக் கடனைத் தீர்க்கலாம். இடையில் தங்க விலை சரிந்தாலும் வணிகர் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை.

ஆயினும் இங்கும் தராசே ஆட்சி செய்கிறது. கடையின் பெயர், வடிவமைப்புத் திறன், வாடிக்கையாளரின் நம்பிக்கை ஆகியவை ஐந்தொகையில் இடம்பெறுவதில்லை. நிறுவனத்துக்குள்ளேயே உருவான வணிகப் பெயரையும் நன்மதிப்பையும் சொத்தாகக் காட்டக் கணக்கியல் தரநிலை 26 இடமளிப்பதில்லை. அவற்றை நாங்கள் மறைமுகமாகவே காண்கிறோம். செய்கூலி வருமானத்தைத் தனியே காட்டும் கணக்கு எங்களுக்குப் பெருந்துணை. எவ்வளவு நகை விற்காமல் தேங்கி உருக்கப்பட்டது என்பதையும் பார்க்கிறோம். நகையை உருக்கினால் பொன் திரும்பும், கூலி திரும்பாது. உருக்கு குறைவாக உள்ள கடையில் வடிவமைப்புக்கு மதிப்பு இருக்கிறது என்று துணியலாம்.

தாமரை பொது, உங்கள் தாமரை உங்களது

தராசு காணாததைச் சட்டம் காண்கிறது. வடிவமைப்புகள் சட்டம், 2000-இன்படி ஒரு நகையின் புதிய உருவ அமைப்பைப் பதிவு செய்யலாம். பாதுகாப்பு 10 ஆண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். தாமரை யாருக்கும் சொந்தமன்று; ஆனால் நீங்கள் புதிதாக அமைத்த தாமரை உங்களுக்குரியது ஆகலாம். ஒரு நிபந்தனை உண்டு: முன்னரே வெளியான வடிவம் புதியதாகாது. ஆதலால் காட்சிக்கு வைப்பதற்கும் இணையத்தில் படம் வெளியிடுவதற்கும் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். இந்தியா முழுமைக்குமான வடிவமைப்புப் பிரிவு கொல்கத்தாவிலேயே உள்ளது, இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம்.

மற்றொரு பாதுகாப்பு காப்பீடு. 2019 ஆகஸ்ட் 31 அன்று மெட்ரோ இரயில் சுரங்கப் பணியின்போது பௌபஜாரில் நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசலுற்றன, சில இடிந்தன. துர்கா பிதுரி சந்தும் சியாக்ராபாடா சந்தும் பெரிதும் பாதிக்கப்பட்டன. மக்கள் உடுத்த துணியோடு வெளியேற நேர்ந்தது. பொன்னைப் பெட்டகத்தில் வைத்துக் காக்கலாம். அச்சுகளும் வரைபடக் குறிப்பேடுகளும் பெரும்பாலும் பட்டறை அலமாரியிலேயே கிடக்கின்றன. நகை வணிகருக்கென உள்ள 'ஜுவல்லர்ஸ் பிளாக்' காப்பீட்டை எடுக்கும்போது இவை அடங்குமா என்று கேட்டறியுங்கள். வரைபடங்களைப் படமெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள்.

மூன்றாவது, வாரிசுரிமை. கூட்டாண்மைச் சட்டம், 1932-இன்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில் கூட்டாளி ஒருவர் மறைந்ததும் நிறுவனம் கலைந்ததாகும். 'மூத்தவர் மறைந்தாலும் தொழில் தொடரும்' என்னும் ஒரு விதி ஒப்பந்தப் பத்திரத்தில் இல்லாமையால், நல்ல நிலையில் இருந்த கடன் கணக்கும் சிக்கலுக்குள்ளாவதை நாங்கள் கண்டிருக்கிறோம். பத்திரத்தை இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

தாகூரின் 'மணிஹாரா' கதையை 1961-இல் சத்யஜித் ராய் திரைப்படமாக்கினார். வணிக நெருக்கடியில் மனைவியின் நகைகளை நாடும் கணவன் அதில் வருகிறான்; அவற்றைப் பிரிய மனமில்லாத மனைவியும் வருகிறாள். அவன் கண்ணில் பட்டது பொன். அவள் கண்ணில் பட்டது நகை. எங்கள் கவுண்டருக்கு வருவோர் பலரிடமும் இந்த இருவரும் இருக்கிறார்கள். தராசு சொல்லும் எண்ணை நாங்கள் மாற்ற இயலாது. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நகை வாங்கும் நாளிலேயே அறிந்திருந்தால், அடகு வைக்கும் நாளில் மனம் வருந்த வேண்டியிராது.