கட்டட வரைபடமும் உயிர்காப்பும்

பொதுக் கட்டடமொன்றின் உள்ளமைப்பை நன்கறிந்தவர் அதனை நாள்தோறும் பயன்படுத்துவோரே. எந்தப் படிக்கட்டு மேன்மாடி வரை செல்லும், எந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும், மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஆளி எவ்வறையில் உள்ளது என்பன ஆங்குள்ள காவலாளிக்கு மனப்பாடம். ஆயின், தீ மூண்ட வேளையில் உள்ளே புகவேண்டியவர் அக்காவலாளி அல்லர். அக்கட்டடத்தை முன்னொருபோதும் கண்டிராத தீயணைப்புப் படையினரும் பொலிசாருமாவர். அறிந்தவர் வெளியேற, அறியாதவர் உட்புகும் இந்நிலையில் முன்னவரின் அறிவைப் பின்னவர்க்குக் கொடுக்கும் கருவியே கட்டட வரைபடம்.

இத்தகைய வரைபடத்தின் வரலாறு நெடியது. 1867 ஆம் ஆண்டிலே டி. ஏ. சான்போர்ண் என்னும் நில அளவையாளர் நியூ யோர்க் நகரில் தொடங்கிய நிறுவனம், தீக் காப்புறுதியின் பொருட்டு அமெரிக்க நகரங்களைக் கட்டடங் கட்டடமாக வரையலாயிற்று. ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்பது அதன் வழக்கமான அளவுத்திட்டம். செங்கற் கட்டடம் இளஞ்சிவப்பாலும், மரக் கட்டடம் மஞ்சளாலும், கற்கட்டடம் நீலத்தாலும் குறிக்கப்பட்டன. நாளடைவில் ஏறக்குறைய 12,000 ஊர்கள் இவ்வாறு வரையப்பட்டன. ஊரிலே புதிய கட்டடம் எழுந்தால், திருத்தத் துண்டுத் தாள் அச்சிடப்பட்டுப் பழைய படத்தின்மேல் ஒட்டப்பட்டது. எனினும், காப்புறுதிக் கட்டணத்தைக் கணிப்பதே இப்படங்களின் நோக்கமாதலின், உள்ளே புகுவோனுக்கு வேண்டிய அறைகளையும் வழிகளையும் இவை பெரும்பாலும் விரித்துக் காட்டவில்லை.

அக்குறையின் கொடுமை 1999 ஆம் ஆண்டு ஏப்ரில் 20 ஆந் திகதி கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்தரப் பாடசாலையிற் புலனாயிற்று. இரு மாணவர் நிகழ்த்திய துப்பாக்கிச் சூட்டில் அன்று 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். உள்ளே சென்ற சிறப்புப் பொலிஸ் படையினர், தமக்குப் பழக்கமற்ற அக்கட்டடத்திலே, ஓயாது ஒலித்த அபாய மணிக்கிடையே அறையறையாகத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. குண்டடிபட்ட ஆசிரியரை அவர்கள் சென்றடையச் சில மணிநேரம் கழிந்தது. இத்தாமதத்துக்குக் காரணங்கள் பல. கட்டடத்தை அறியாமை அவற்றுள் ஒன்று.

இதன்பின் வாசிங்டன் மாநிலச் சட்டசபை, 2003 ஆம் ஆண்டில், பொதுக் கட்டடங்களின் வரைபடங்களை மாநிலம் முழுவதற்கும் ஒரே முறையில் தொகுத்து வைக்கச் சட்டமியற்றியது. தளவரைபடம், தீத்தடுப்பு ஏற்பாடுகள், வெளியேறும் வழிகள், நீர் மின் வாயு இணைப்புகள், அறியப்பட்ட அபாயப் பொருள்கள், அவசர வேளையில் அழைக்கத்தக்கோர் விபரம் ஆகியன அதில் இடம்பெறவேண்டியனவாயின.

கட்டடக் கலைஞர் வரைந்த படமே இதற்குப் போதாதோ எனின், போதாது. அது கட்டுவதற்கென வரையப்பட்டது. நீளம், அகலம், உத்திரம், அத்திவாரம் யாவும் அதில் நிறைந்திருக்கும். புகைக்கு நடுவே நிற்பவனுக்கு வேண்டியது சில நொடியிற் படிக்கத்தக்க ஒரு தாள். அதில் வடதிசை குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அறைகள் வழக்கிலுள்ள பெயரால் சுட்டப்படல் வேண்டும். படத்தின்மேல் எழுத்தும் எண்ணும் கொண்ட கட்டங்கள் இடப்படின், வெளியே நிற்கும் அதிகாரியும் உள்ளே செல்லும் வீரனும் ஒரே இடத்தை ஒரே சொல்லாற் குறிப்பர். பல படைகள் கூடும் வேளையில் இவ்வொருமை பெரும்பயன் தருவதாகும்.

வரைபடத்தின் செம்பாதி சுவரிலே எழுதப்படுவது என்னும் உண்மையை இலண்டன் மாநகரின் கிரென்பெல் கோபுரம் உணர்த்திற்று. 24 மாடிகளும் ஒரேயொரு படிக்கட்டும் கொண்ட அக்குடியிருப்பில் 2017 ஆம் ஆண்டு யூன் 14 ஆந் திகதி அதிகாலை மூண்ட தீயில் 72 பேர் உயிரிழந்தனர். வீடுகளிற் சிக்கியோர் தொலைபேசியிலே தம் மாடியையும் வீட்டு இலக்கத்தையும் கூறினர். அச்செய்தி பல கை மாறிப் படையினரை அடைந்தது. ஆயின் படிக்கட்டிலே மாடி எண்கள் தெளிவாக இருக்கவில்லை. அண்மையிலே நடைபெற்ற புதுக்கல் வேலையால் மாடிகளுக்கு எண்ணிடும் முறை மாறியிருந்தும், சுவரிலிருந்த எண்கள் அதற்கேற்ப மாற்றப்படவில்லை. ஆகவே தாம் நிற்கும் மாடி எதுவெனத் திட்டமாக அறியமாட்டாது படையினர் இடர்ப்பட்டனர்.

2019 ஆம் ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை, படையினரிடம் அக்கட்டடத்தின் நடப்பிலுள்ள வரைபடம் இருக்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டியது. மேன்மாடிகள் யாவும் ஒரே அமைப்பினவாதலின் அதனால் அங்கு பெரிதும் இடையூறு நேரவில்லை. வேறொரு கட்டடமாயின் விளைவு கொடிதாகலாம் என அது எச்சரித்தது. 2023 ஆம் ஆண்டு சனவரி முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதிகள், உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்களுக்கு வரைபடம் வைக்கும் பாதுகாப்புப் பெட்டியையும், மங்கிய ஒளியிலும் புகையிலும் புலப்படும் மாடி எண்களையும் கட்டாயமாக்கின.

இதனாற் பெறப்படுவது யாதெனின், படமும் கட்டடமும் என்றும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே. படம் இல்லாதவன் ஐயத்தோடு அடியெடுத்து வைப்பான். பிழையான படத்தை உடையவனோ நம்பிக்கையோடு தவறான வழியிற் செல்வான். சான்போர்ண் நிறுவனத்தார் ஒட்டிய திருத்தத் துண்டு இக்காலத்துக் கணனிப் படத்துக்கும் இன்றியமையாதது. அதேவேளை, இப்படங்கள் தீயோர் கையிற் சேரின் கேடு விளையுமாதலின், அவற்றைக் காக்கும் பொறுப்பும் உடன் உண்டு.

பாடசாலைகளுக்கு இவ்வுண்மை சிறப்பாகப் பொருந்தும். அவை பெரும்பாலும் ஒரே காலத்திற் கட்டப்பட்டவை அல்ல. ஒரு தலைமுறை மண்டபத்தை எழுப்ப, மற்றொரு தலைமுறை ஆய்வுகூடத்தைச் சேர்க்கும். நூலகம் இடம்மாறிய பின்னரும் “பழைய நூலகம்” என்ற பெயர் பழைய அறையிலேயே நிலைத்துவிடும். புவியியல் வகுப்பு மாணவர் நாடாவும் திசையறி கருவியுங் கொண்டு தம் பாடசாலையை அளந்து வரைதல் பாடமுமாகும், தொண்டுமாகும். வரைந்த படத்தின் ஒரு படி தீயணைப்பு நிலையத்திலும், மற்றொரு படி தீ எட்டாத வாயிலருகிலும் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் அது சரிபார்க்கப்படல் வேண்டும். இரசாயன ஆய்வுகூடம் எதுவென்பதை, அதனுள் மாணவர் சிக்கியிருக்கும் வேளையில், வழியே போவோரிடம் கேட்டறியும் நிலை எந்தப் பாடசாலைக்கும் வரலாகாது.