மின்தடையும் மின்னாக்கியும்

1996 ஆகஸ்டு 3ஆம் நாள், திரெங்கானுவின் பாக்கா மின்நிலையத்தையொட்டி எழுந்த ஒரு பழுது தீபகற்ப மலேசியாவையே இருளில் ஆழ்த்தியது. அத்தகைய பெருந்தடை அரிது. ஆயின், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் புகும் கிழக்குக் கரை ஊர்களில் மின்சாரம் நின்றுபோதல் புதிதன்று. ஆதலின் பலர் பெட்ரோலில் இயங்கும் சிறு மின்னாக்கியை வாங்கி வைக்கின்றனர். அதனை வீட்டோடு இணைக்கும் முறையில்தான் இடர் தொடங்குகிறது.

இரு முனைகளிலும் பிளக் பொருத்திய வடத்தால் மின்னாக்கியைச் சுவர்ச் சாக்கெட்டில் செருகிவிடுவோர் உண்டு. வீடு ஒளிபெறும், உண்மைதான். ஆனால் முதன்மை விசை மூடப்படாதிருப்பின், மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருவுக்கும் பாயும். மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது என மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அதே மின்மாற்றி மறுபுறமிருந்து ஊட்டப்பெற்றால் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும் என்பதை விரைந்து கடந்துவிடுகிறோம். உயிரற்றதென நம்பி அக்கம்பியைத் தொடும் பணியாளர் மாண்டுபோகக்கூடும். அண்டை வீடுகளின் சுமை தாங்காது மின்னாக்கி நின்றுவிடும் என்பர் சிலர். கம்பி அருகிலேயே அறுந்திருந்தால் அச்சுமையே இராது. வடத்தின் ஒரு முனை கழன்றாலோ, அதன் உலோகக் கால்களில் மின்சாரம் வெளிப்படையாக நிற்கும்.

'முதன்மை விசையை மூடினால் போதாதா?' என வினவலாம். இருளில், பதற்றத்தில், நினைவை நம்புதல் தகாது. நாம் மாற்றுவிசை என்பதை மின்பணியாளர் 'சேஞ்ச் ஓவர்' என்பர். பெயர் எதுவாயினும் அதன் அமைப்பே காவல்: ஒரே கைப்பிடி, ஒருபுறம் பொதுமின்சாரம், மறுபுறம் மின்னாக்கி, நடுவில் துண்டிப்பு. இரண்டும் ஒருங்கே இணைய இயலாது. இதனை உரிமம் பெற்ற மின்பணியாளரே பொருத்த வேண்டும். புவியிணைப்பையும் அவரே சோதிப்பார்.

மாற்றுவிசை இல்லாத வீட்டில் சுவர்க்கம்பிகளை நாடவே வேண்டா. தகுந்த தடிமனுள்ள நீட்டிப்பு வடத்தால் கருவிகளை மின்னாக்கியிலேயே நேராக இணைக்கலாம். குளிர்பதனப்பெட்டி தொடங்கும் கணத்தில் இயங்குநிலையைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதையும் கணக்கிற் கொள்க.

மின்னாக்கி கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில், மழை படாது இருத்தல் வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் விழிக்காமலே போவர். தாழ்வாரமும் கார் நிறுத்துமிடமும் திறந்தவெளி ஆகா. பொறி ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்றலாம்.

பொதுமின்சாரம் மீண்டதும் முதலில் கருவிகளை நிறுத்தி, கைப்பிடியை நடுநிலைக்குக் கொணர்ந்து, சில நிமிடம் மின்சாரம் நிலைக்கிறதா எனப் பார்த்தபின் பொதுமின்பக்கம் திருப்புக.